கேம்பிரிட்ஜுக்குப் போர்வை போர்த்துகிறவர்

கடல் பக்கம் வானம் கறுத்தால் போதும், நமசிவாயம் சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிடுவார். அவர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் வெள்ளவத்தையின் அந்த ஒழுங்கையில் பலரும் கொடியில் காயும் உடுப்புகளை எடுக்கிறார்கள். முதலில் காரின்மேல் பழைய பருத்தி விரிப்பு ஒன்றைப் போடுவார். அதன்மேல் மழை இறங்காத பச்சைப் பிளாஸ்டிக் படங்கு. காற்று தூக்காமலிருக்க, சைக்கிள் டியூபை வெட்டிச் செய்த பட்டிகளால் சுற்றி இழுத்துக் கட்டுவார். எல்லாம் முடிகிறபோது கார் காய்ந்திருக்கும், அவர் தொப்பலாக நனைந்திருப்பார்.

கார் ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், வெண்ணெய் நிறம். அந்தத் தொடர்மாடியில் வீட்டுக்கு ஒரு வாகனத்துக்குத்தான் கூரைக்குக் கீழே இடம். அங்கே மனைவி பவளராணியின் ஜப்பான் கார் நிற்கிறது. கேம்பிரிட்ஜுக்கு மதிலோரத்து வெட்டவெளி. வழியில் போகிறவர் படங்கை ஒரு கணம் நின்று பார்த்தாலே நமசிவாயம் பாடம் தொடங்கிவிடுவார். "பிளாஸ்டிக்க நேராப் போடப்படாது ஐசே. காருக்கு வேர்க்கும். பிறகு மழை உள்ளுக்குத்தான்."

காப்புறுதிக் கம்பனிகளுக்காக வெள்ளச் சேதத்தை மதிப்பிடுவது அவர் தொழில். ஊறிப்போன மெத்தைகளுக்கு நடுவே நின்று, "தண்ணி எதால வந்தது?" என்று கேட்பார். வீட்டுக்காரர் ஒரு மூலையைக் காட்டினால் இவர் இன்னொரு மூலையைக் காட்டுவார். இவர் காட்டியதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் காருக்குள் தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. நிறுத்தி வைத்தால் படங்கு காப்பாற்றும். மழையில் ஓட்டினால்தான் வினை. முன் இருக்கையின் காலடியில் குளம் கட்டி, ஏற்றம் ஏறும்போதெல்லாம் அது பின்னால் இருப்பவரின் செருப்பைத் தேடிக்கொண்டு வரும். ஊருக்குத்தான் உபதேசம் என்று பவளராணி சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு போன மாதம் கொஞ்சம் கவலையாக மாறியது. மேல்மாடிச் செலீனுக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் கல்யாணம். பள்ளிக்கூடக் காலத்தில் அந்தக் காரின் பின் இருக்கையில் ஏறியிருந்து பாடம் படித்தவள் அவள். "அங்கிள், எனக்கு வேற கார் வேணாம், இதுலதான் போவன்," என்று அடம்பிடித்தாள். நமசிவாயமும் நெஞ்சை நிமிர்த்தி வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் மழை பிடித்துக்கொண்டது. நிலத்தில் இழுபடும் வெள்ளை உடுப்பையும் காலடிக் குளத்தையும் சேர்த்து நினைத்தாலே அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு இறங்கிவிடுவார். புதுக் கார் ஒன்றை வாடகைக்குப் பிடிப்போமா என்று செலீனின் தகப்பன் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அதன்பிறகு சில நாட்கள் நமசிவாயம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில்தான் அவருக்குச் சந்தேகம். உள்பக்கமாக ரப்பர் நெடுகத் திருநீற்றைத் தூவினார். தண்ணீர் நுழைந்தால் திருநீற்றில் கோடு விழும் என்பது அவர் கண்டுபிடித்த உபாயம். பார்த்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். வெளியே ஹோஸால் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், கீழே குளம் கட்டியிருக்கிறது, மேலே திருநீறு தூவியது தூவியபடி இருக்கிறது.

மாளிகாவத்தையிலிருந்து வந்த மெக்கானிக் நிஸாமும் தலையைச் சொறிந்தார். "ரப்பர் நல்லாத்தான் ஈக்கிது சேர். டேஷ்போட்டக் கழட்டித்தான் பாக்கோணும். மேல சாமி ஈக்கிறாரே, நான் கைவெக்கிறது சரியில்ல."

டேஷ்போட்டின் மேல், கண்ணாடியை ஒட்டினாற்போல், ஒரு பித்தளைப் பிள்ளையார். பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது சரிந்துவிடக்கூடாதென்று, கார் வாங்கிய அன்றே நமசிவாயம் தம் கையால் துளை போட்டு, சிலையின் அடியில் இருந்த இஸ்குரூவை முறுக்கி இருத்தியவர்.

"அவரை அசைக்கப்படாது," என்றார் உடனே. நிஸாமும் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்திய வியாழன் பின்னேரம் கடைசிப் பரிசோதனை நடந்தது. பவளராணி டோர்ச்சோடு உள்ளே, நமசிவாயம் ஹோஸோடு வெளியே.

"வருதோ?"

"கீழ வருது. எதால எண்டுதான் தெரியேல்லை."

"வடிவாப் பாருமப்பா!"

பார்த்துப் பார்த்துப் பவளராணிக்கு அலுத்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் இப்படிக் களிம்பேறியா போவார், புளி போட்டு மினுக்கினால் என்ன என்று பிள்ளையாரைப் பிடித்துத் திருகினார். அவர் ஒரு சுற்றுச் சுற்றிக் கையோடு வந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! உங்கட பிள்ளையாருக்குக் கீழ ஊத்து!"

நமசிவாயம் ஹோஸை எறிந்துவிட்டு ஓடிவந்து தலையை உள்ளே விட்டார். ஆசையாகத் துளை போட்ட அன்று உள்தகட்டோடு நிற்காமல் கண்ணாடிக்கு அடியால் வெளித்தகட்டையும் சேர்த்துத் துளைத்திருக்கிறார். அந்த ஓட்டையை வெளியே வைப்பரின் அடிக்கட்டை மறைத்துக்கொண்டது, உள்ளே பிள்ளையார் மறைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் இஸ்குரூவைப் பிடித்து இறங்கி, டேஷ்போட்டுக்குப் பின்னால் வழிந்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே ஓட்டையானது.

"வெள்ளத்துக்கு வழி வெட்டினது நீங்கள்தான்," என்றார் பவளராணி. "இனி ஆரிட்டப் போய் எதால வந்தது எண்டு கேப்பியள்?"

நமசிவாயம் பிள்ளையாரைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "அப்ப நான் இவ்வளவு காலமும் துடைச்சு ஊத்தினது அபிஷேகத் தண்ணியோ?" என்று கேட்டவர், கேட்டு முடிக்குமுன்னே சிரிக்கத் தொடங்கிவிட்டார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்த செலீனின் தகப்பனைக் கையாட்டிக் கூப்பிட்டு, அவருக்கும் ஓட்டையைக் காட்டினார். தன் பிழையை இவ்வளவு சந்தோசமாக ஊருக்குக் காட்டிய மனிதரை அந்த ஒழுங்கை கண்டதில்லை.

மறுநாள் நிஸாம் வந்து ஓட்டையை அடைத்தார். பிள்ளையாரை ஒட்டுநாடாவில் இருத்தினார்கள். தேவாலயத்துக்கு அவரை எப்படிக் கொண்டுபோவது என்று நமசிவாயம் தயங்கியபோது, "அவரும் வரட்டும் அங்கிள், இவ்வளவு பாடுபட்டிருக்கிறாரே," என்றாள் செலீன்.

சனிக்கிழமை காலிவீதியே தெரியாத மழை. காலிமுகத்திடலில் அது கடலிலிருந்து பக்கவாட்டாக வந்து அடித்தது. பட்டுவேட்டியில் இருந்த நமசிவாயம் வழி முழுவதும் பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டினார். பின்னால் செலீன் தோழியோடு கலகலத்துக்கொண்டே வந்தாள். அவருக்கு இருதயம் காலடியில் கிடந்தது. கொட்டாஞ்சேனையில் குடைகள் ஓடிவந்தன, மணப்பெண் இறங்கினாள், ஊரே அவள் பின்னால் படியேறியது. பவளராணி மட்டும் குடையோடு காருக்கு முன்னால் நின்று புருவத்தை உயர்த்தினார்.

நமசிவாயம் இருந்த இருக்கையிலிருந்தே உடம்பை வளைத்துப் பின்னால் கையை நீட்டினார். செலீனின் கால்கள் இருந்த விரிப்பை மூலைமுடுக்கெல்லாம் அழுத்தித் தடவினார். பிறகு நிமிர்ந்து, ஈரமே படாத தன் உள்ளங்கையை விரித்து, மழை வழியும் கண்ணாடிக்கு உள்ளிருந்து மனைவிக்குத் தூக்கிக் காட்டினார்.