பஸ்ஸில் வந்த கார்பாக்சிலிக் அமிலம்

பி.எஸ்ஸி.யில் மற்ற எல்லாப் பேப்பரையும் தாண்டிவிட்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் மட்டும் அரியர் வைத்துக்கொண்டு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிரெய்னி. டிரெய்னிங் முடிவதற்குள் டிகிரியைக் காட்டினால் லேப்பில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் கோவில்பட்டிக்குத் திரும்பி மாமாவின் தீப்பெட்டி ஆபீசில் உட்கார வேண்டியதுதான். மாமாவை எனக்குப் பிடிக்கும், தூரத்திலிருந்து.

அமிலம் எனக்குப் புதிதில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் துருவை எடுக்கத் தகடுகளை அமிலத் தொட்டியில்தான் முக்குவோம். தரையில் சிந்தினால் சோடா உப்பைத் தூவுவோம், புஸ்ஸென்று நுரைக்கும். கார்பாக்சிலிக் அமிலத்தைக் கண்டுபிடிக்கவும் அதே சோடா உப்புதான் என்று புத்தகத்தில் பார்த்தபோது, இவ்வளவுதானா என்று மிதப்பாக இருந்தது. அந்த மிதப்பை ஸ்பெக்ட்ராஸ்கோபி ஒரே பக்கத்தில் இறக்கிவிட்டது. அகச்சிவப்பு நிறமாலை என்று கோணல்மாணலாக ஒரு கோடு. அதில் எந்த எண்ணில் விழும் பள்ளம் எந்த அணுக்கூட்டத்துடையது என்று சொல்ல வேண்டும். படப்பை ரூமில் உருப்போட்ட எண்ணெல்லாம் கம்பெனி பஸ் வருவதற்குள் மறந்துபோகும்.

ஒரு நாள் காலை எரிச்சலோடு புத்தகத்தை மூடிவிட்டு பஸ்ஸை வேடிக்கை பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்கு நம்பர் கிடையாது, ஆனாலும் ஒருவர் சீட்டில் இன்னொருவர் உட்கார முடியாது. முன்னால் மூன்று பேர் சீட்டில் மணிமங்கலத்து ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் ஒருவரே பரந்து கிடப்பார். நடுவில் எங்கள் சூப்பர்வைசர். ஆள் ஒல்லி, குரல் ஊசி. கடைசியில் ஹாஸ்டல் கும்பலின் கூச்சல்.

சட்டென்று விளங்கியது. அமிலத்தின் கோடும் இதேதான். தொடக்கத்தில் அகலமாக ஓ-ஹெச் பள்ளம், அங்கே இருக்கிற சி-ஹெச்சையும் மறைத்துக்கொண்டு. நடுவில், ஆயிரத்து எழுநூறை ஒட்டி, கூர்மையாக கார்பனைல். கடைசியில் பிரித்தறிய முடியாத கும்பல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஏறினாலே பாடம்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் அண்ணன் வரவில்லை. முன் சீட்டு காலி. போச்சுடா, சகுனமே சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, அடக்க அண்ணன் இல்லாத தைரியத்தில் சூப்பர்வைசரின் குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே ஏறியிருந்தது.

மறுநாள் கேள்வித்தாளில் ஒரு பெரிய கேள்வி. ஓர் அமிலத்தோடு எத்தனாலும் சில சொட்டு கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் என்ன கிடைக்கும், அதன் அகச்சிவப்பு நிறமாலை அமிலத்தினுடையதிலிருந்து எப்படி மாறும்? கிடைப்பது எஸ்டர், அது தெரியும். நிறமாலையில் பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் அந்தக் காலி சீட்டு கண்ணுக்குள் வந்தது. அகலமான ஓ-ஹெச் காணாமல் போகும், கார்பனைலின் எண் சற்று மேலே ஏறும் என்று எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாஸ். லேப் வேலையும் உறுதியானது. லட்டு டப்பாவோடு பஸ் ஏறி நேராக அண்ணனிடம் நீட்டினேன். சூப்பர்வைசரை விட்டுவிட்டு எனக்கு எதற்கு முதலில் என்று கேட்டார். அவர் உடம்பைச் சொல்லிச் சிரிப்பதாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே முழுக் கதையையும் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். பிறகு, அந்த பஸ்ஸில் யாரும் பார்த்திராத விதமாக, ஜன்னல் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"அப்போ நான் லீவு போட்டதாலதான் நீ பாஸாயிக்கீற" என்றார், லட்டை மென்றுகொண்டே. "இன்னொரு பரீட்ச எதுனா இருந்தா முன்னாடியே சொல்லு. லீவு போட்டுடறேன்."