தரைக்குள் போன ஆறு

அமெரிக்காவில் ஓர் ஆறு சமவெளிக்கு வந்ததும் தரைக்குள் இறங்கிக் காணாமல் போய்விடுகிறது. இதை நான் என் கணவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. இருந்ததை மட்டும் படித்திருந்தாலாவது பரவாயில்லை. புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துப் படித்தேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் சின்னாற்றின் கரையில் எங்கள் காடு. வயலைக் காடு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். முப்பதுகளின் பின்பாதி அது; போர் இன்னும் வரவில்லை. என் அப்பா மொரப்பூருக்கும் ஓசூருக்கும் ஓடிய சின்ன ரயிலில் வேலை பார்த்தவர். அந்தப் புண்ணியத்தில் தர்மபுரியில் எட்டாவது வரை படித்தேன். பிறகு, படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி அலுத்துப்போய், கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு குடியானவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என்னோடு வந்த தகரப் பெட்டியின் அடியில் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகமும் வந்தது. அட்டை போய்விட்டது, ஆசியாவைக் கரையான் தின்றுவிட்டது. அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய முழுசாக இருந்தது.

இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தது. கேழ்வரகு முளைத்த கையோடு கருகியது. கிணற்றில் தவளைகூட இல்லை. ஆற்று மணலில் ஊற்று பறித்தால் எந்தக் கோடையிலும் முழங்கை ஆழத்தில் தண்ணீர் வரும். அந்த வருஷம் இடுப்பளவு பறித்துவிட்டு ஒரு குடம் நிறைய அரை நாள் காத்துக் கிடந்தேன். புளியங்கொழுந்தும் கள்ளிப் பழமும் தின்றோம். எருதுகளில் ஒன்று செத்தது. இன்னொன்றைத் தீவனம் உள்ள ஊர்க்காரர் ஒருவரிடம் ஓட்டிவிட்டோம். எங்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை தங்கவில்லை. அது இல்லாததே நல்லது என்று அந்தக் கோடையில் ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

எருது போன பிறகு மாட்டுக் கொட்டாயில் மிஞ்சியது கவலைக் கயிறு. எருதுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இழுக்கிற தடித்த கயிறு. இனி அதற்கு வேலை இல்லை. என் கணவர் காலையில் போய் அதன் எதிரே உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வர மாட்டார், கேட்டால் பதில் சொல்ல மாட்டார். ஒருநாள் கயிற்றின் முனையைக் கையில் சுற்றி, பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இத்துப் போச்சான்னு பாக்கறேன்."

"பாத்தாச்சா?"

"இத்துப் போவல."

அவர் ஆற்றுப் பக்கம் போன சமயம் பார்த்துக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தானியம் இல்லாத குதிருக்குள் போட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்தேன். திரும்பி வந்தவர் கயிறு எங்கே என்று கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அவரைத் தனியாக விடக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேச முடியாது. சோற்றைப் பற்றியும் பேச முடியாது. அதனால் உச்சி வெயிலில் கொட்டாய்க்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூகோளம் படித்தேன். மலைகளுக்கு அவர் அசையவில்லை. நகரங்களுக்கும் அசையவில்லை. ஆறுகள் பாடம் வந்தபோதுதான் தலையைத் திருப்பினார்.

மிசூரி என்ற ஆறு மிசிசிப்பியில் வந்து கலக்கிறது; நீளத்தில் மிசூரிதான் பெரிது, கலந்த பிறகு பெயர் மட்டும் மிசிசிப்பிக்கு. "நம்மளாட்டம். படிச்சது நானு, பேரு உங்களுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சிகாகோ. ஊர்க் கழிவெல்லாம் குடிக்கிற ஏரியில் கலக்கிறதென்று கால்வாய் வெட்டி, ஆற்றையே எதிர்ப்பக்கம் ஓட வைத்துவிட்டார்களாம்.

"ஆத்தையே திருப்பிட்டானுங்களா?" என்றார். "இங்க மடையை ஒரு சாண் திருப்புனா மண்டை ஒடையுது."

பத்து நாளில் அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான். நான் சிகாகோவை மனசுக்குள் கும்பிட்டேன்.

அதற்கடுத்த நாள் நயாகரா. மேலே ஏரியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதால் அவ்வளவு பெரிய அருவி ஒருமுறை நின்றே போய்விட்டது. தண்ணீர் விழுந்த இடத்தில் ஜனங்கள் இறங்கி நடந்தார்கள்.

"அப்பறம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"எத்தினி நாள்ல?"

"ஒண்ணரை நாள்ல."

"ஒண்ணரை நாளு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் அதைப் படித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்து ஹம்போல்ட் என்ற ஆறு. கடலைப் பார்க்காமலே பாலைவனத்தில் வற்றிச் செத்துப்போகிற ஆறு. அந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். அப்போதே எனக்குத் திருட்டுப் புத்தி வந்துவிட்டது.

அதற்குக் கீழேதான் இந்த ஆறு இருந்தது. மலையில் பிறந்து நன்றாகத்தான் ஓடி வருகிறது. எப்போதோ எரிமலை கக்கிய குழம்பு இறுகிப் பாறையான சமவெளிக்கு வந்ததும், பாறையின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. 'அங்கிருந்து அந்நதியானது' என்பதோடு பக்கம் முடிந்தது. அடுத்த தாள் இல்லை. முந்தைய வருஷம் மிளகாய் விதை மடித்துவைக்க நானேதான் அதைக் கிழித்தேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். அப்படி அவர் நின்று நான் பார்த்து எத்தனையோ நாள் ஆயிற்று.

"நம்ம ஆறும் அப்பிடித்தான புள்ள. மேல திருப்பத்துல பாறைகிட்ட நூலாட்டம் தண்ணி கெடக்குது. பாறைக்குக் கீழ ஒண்ணுமில்ல. எங்க போவுது அது?" என்னைப் பார்த்தார். "தரைக்குள்ள போயி எங்க வந்துச்சாம்?"

புத்தகத்தில் எழுத்து இல்லை. அவர் முகத்தில் உயிர் இருந்தது. ஒன்றுமில்லை, தாள் கிழிந்துபோயிற்று என்று சொன்னால் அந்த முகம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பும். நான் குனிந்து, அந்தப் பக்கத்தின் கடைசி வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தேன்: "அவ்விடத்துக் குடியானவர்கள் நதி மறைந்த இடத்துக்கு அருகில் கிணறு வெட்டினார்கள். ஏழு ஆள் ஆழத்தில் இனிய நீர் பீறிட்டு வந்தது. அவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள்."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. வாயில் வந்துவிட்டது.

அவர் உடனே கேட்டார்: "கவலைக் கயிறு எங்க?"

குதிருக்குள் கைவிட்டு நானே எடுத்துக் கொடுத்தேன். ஒளித்துவைத்ததை என் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டிவந்தது.

ஆற்றுத் திருப்பத்தை ஒட்டி எங்கள் காட்டில் ஒரு பாழுங்கிணறு உண்டு. என் மாமனார் ஐந்து ஆள் ஆழம் வெட்டி, பாறை வந்ததும் கைவிட்டது. அங்கேதான் இறங்கினார். அவர் கீழே கடப்பாரையால் பெயர்த்துக் கூடையில் போடுவார். நான் மேலே கயிற்றை இழுத்துக் கொட்டுவேன். ஆள் வைக்க வழியில்லை, வெடி வைக்கவும் வழியில்லை. எளிதில் உதிர்கிற சுக்காம்பாறையாக இருந்தவரை நாளைக்கு ஒரு சாண் இறங்கியது. பிறகு நாலு விரற்கடை. வெறும் வயிற்றில் கூடை இழுத்துக் கண் இருட்டி நான் இரண்டுமுறை கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருநாள் எட்டிப்பார்த்தார். "என்னப்பா, அமெரிக்காவுக்கே ஓட்டை போடறியா? உம்பொண்டாட்டி படிச்சவ, நேர் கீழதான் அந்த ஊருன்னு சொல்லியிருப்பா" என்றார். என் கணவர் கீழேயிருந்து, "தண்ணி வந்தா உனக்கும் ஒரு குடம் தரண்டா" என்றார். அவர் கேலிக்குப் பதில் சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் தண்ணீர் வராத அன்றைக்கு இந்த மனுஷனை என்ன செய்வேன்?

ஏழு ஆள் ஆழம் வந்தது. ஈரம்கூட இல்லை.

"ஏழுன்னுதான போட்டிருந்தான்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏழுல ஈரம். எட்டுலதாங்க தண்ணி" என்றேன்.

எட்டு வந்தது. ஒன்பது என்றேன். அவர் ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்கவே இல்லை. கடப்பாரைச் சத்தம் மட்டும் மறுபடி கேட்கும். ஒவ்வொரு ஆளாக ஏற்றிச் சொல்லி அவரை என் வாயாலேயே பூமிக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்து ரணம். அந்த வலி எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தது.

ஒன்பதாவது ஆளில் கருங்கல். கடப்பாரை பட்டதும் கணீரென்று திரும்பியது. மூன்று நாள் அடித்தும் ஒரு கூடை சில்லுதான் மேலே வந்தது. மூன்றாம் நாள் பிற்பகலில் சத்தம் நின்றது.

"புள்ள, எத்தினி ஆளுன்ன?"

பத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. விளிம்பில் குப்புறப் படுத்துக் கிணற்றுக்குள் தலையை நீட்டினேன். அடியில் அவர் தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அப்பிடி ஒண்ணும் போடலீங்க. அந்தத் தாளே இல்ல. நான்தான் கிழிச்சேன். நானா சொன்னேங்க எல்லாம். மேல வந்துருங்க. சாமி, மேல வந்துருங்க."

கயிற்றின் ஒரு முனை என் கையில், இன்னொரு முனை அவரிடம். வாழ்க்கையில் எத்தனையோ பார்த்தாயிற்று; அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல் ஒன்று இல்லை.

"தெரியும்" என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து தலையை நீட்டினேன்.

"மத்த ஆத்துக்கெல்லாம் எச்சி தொட்டுத் தொட்டுத் திருப்புன. இதுக்கு மட்டும் தாளைத் திருப்பவேயில்ல. எனக்குப் படிக்கத்தான் தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கயித்தைக் குதிர்ல வெச்சதுந் தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குங்க மூணு மாசம் தோண்டுனீங்க?"

"கயிறு உங்கையில இருந்துச்சு" என்றார்.

கிணற்றுச் சுவரில் வெட்டியிருந்த குழிகளில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். என் கையில் கயிறு கனக்கவே இல்லை. அவ்வளவு இளைத்திருந்தார். இரண்டு பேரும் மண்மேட்டில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதோம்.

அந்த வாரமே மாரண்டஹள்ளியில் சின்ன ரயில் ஏறி, மொரப்பூரில் பெரிய ரயிலுக்கு மாறி, கோலாருக்குப் போனோம். தங்கச் சுரங்கத்தில் ஆள் எடுத்த மேஸ்திரி என்ன தெரியும் என்று கேட்டதற்கு, "பாறையில தோண்டத் தெரியுங்க" என்றார். நாங்கள் போன பிறகு ஐப்பசியில் நல்ல மழை பெய்து, அந்தக் கிணறு முக்கால்வாசி நிறைந்ததாக ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஊற்றுத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர்தான். அவர் கேட்டுக்கொண்டார்.

போர் வந்தது. நாங்கள் ஏறி வந்த சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிவதற்குள் கல்தூசி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. கயிற்றிடமிருந்து காப்பாற்றிய மனுஷனை நான் கல்லிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். படுக்கையோடு கிடந்த கடைசி மாசத்தில், அடுத்த வீட்டுப் பெண்ணின் பள்ளிக்கூடப் பையில் அதே பூகோளப் புத்தகத்தைப் பார்த்தேன். அட்டையோடு, எல்லாத் தாளோடும் இருந்தது. வாங்கி வந்து, பகல் வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்த இடம் வந்ததும் அவர் பார்க்கும்படி விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினேன்.

அந்த ஆறு நூறு மைல் அளவுக்குப் பூமிக்கடியிலேயே போகிறது. பிறகு வேறொரு பெரிய ஆற்றின் பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து எண்ணற்ற ஊற்றுகளாக வெள்ளைவெளேரென்று கொட்டுகிறது.

"ஆரும் தோண்டலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அதுவா வருது."

"நூறு மைல் தள்ளியா?"

"ஆமாங்க."

இருமல் வந்தது. அடங்கும்வரை நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன்.

"முழுங்குன எடத்துல இருக்கறவனுக்கு அதால என்ன?" என்றார். "நீ படிச்சதே தேவல. அதைப் படி."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். "அவ்விடத்துக் குடியானவர்கள் நதி மறைந்த இடத்துக்கு அருகில் கிணறு வெட்டினார்கள். ஏழு ஆள் ஆழத்தில்..."

"ஒம்பது" என்று கண்ணை மூடியபடியே திருத்தினார்.