பொங்காத பால்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனிகளுக்குக் கப்பலில் பழைய இரும்பு வரும். வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாமென்று தூக்கிப்போட்ட கார் கதவு, கட்டில் கால், துணி துவைக்கிற மிஷின் எல்லாம் நசுங்கிக் கலந்து வந்து இறங்கும். அதைப் பிரித்து இரும்பு ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம் என்று போடுவது அப்போது என் வேலை. நெல்லூர் போகிற லாரியில் கிளீனர், பழவேற்காட்டில் ஏற்றுமதி நண்டுக்குக் கால் கட்டுகிற கொட்டகை, பெங்களூரில் ஒரு பெரிய காபிக் கடையில் எச்சில் கப் கழுவுவது என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனதில் ஒரு வசதி உண்டு. எந்த வேலையும் நமக்குக் கீழானதாகத் தெரியாது.

ஒருநாள் அந்தக் குவியலில் நசுங்காமல் ஒரு எஸ்பிரஸ்ஸோ மிஷின் கிடைத்தது. வீட்டுக்கென்று செய்த சின்ன மிஷின். பித்தளை வயிறு, மேலே வெள்ளிப் பூச்சு, பக்கவாட்டில் ஒரு நீராவிக் குழாய். வயதில் எனக்கு அண்ணனாக இருக்கும். சூப்பர்வைசர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இத்த உருக்கி இன்னா ஆவப்போவுது? எட்துக்கினு போ."

கம்பெனி எலக்ட்ரீஷியன் வயரை மாற்றினான். ரப்பர் வாஷரை நானே வெட்டிப் போட்டேன். மிஷின் உயிரோடு வந்தது. நாங்கள் அப்போது புதுவாயலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் இருந்தோம். வரிசையாக அறைகள், எல்லாவற்றிலும் வடநாட்டுப் பையன்கள், கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். என் மனைவி பிளாஸ்டிக் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்டு போனாள். வேலை நாளில் கம்பெனிக் கக்கூஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். தனிக் கக்கூஸ் வைத்த ஒரு வீடு, அவள் கேட்டது அவ்வளவுதான். நான் காபி மிஷினோடு வந்து நின்றேன்.

"இன்னாய்யா இது?"

"காபி மிஷினு. எஸ்பிரஸ்ஸோ."

"மனுசன் குந்த எடமில்ல. இது எங்க குந்தும்?"

அவளுடைய துணிப்பெட்டியின் மேல் குந்தியது.

எஸ்பிரஸ்ஸோ என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்து வாசலில் ஒருவர் நின்று, புஸ்ஸென்று ஆவி விட்டு, கப் முழுக்க நுரையும் மேலே சாக்லேட் பொடியுமாகக் கொடுப்பாரே, அதுதான். முதல் நாள் நானும் அப்படித்தான் செய்தேன். பாலைக் காய்ச்சி, ஆடை எடுத்து, ஜக்கில் ஊற்றி, குழாயை உள்ளே விட்டேன். பக்கத்து அறைப் பையன்கள் சிலிண்டர் வெடித்தது என்று வெளியே ஓடினார்கள். ஜக்கில் பெரிய பெரிய குமிழிகள்.

"சோப்புத் தண்ணில துணி ஊற வெச்ச மாரி கீது," என்றாள் மனைவி.

பெங்களூரில் நான் கழுவிய கப்புகளின் அடியில் ஒட்டியிருந்த நுரை அப்படி இருக்காது. பட்டுத்துணி போல வழுவழுப்பாக இருக்கும். அதை எப்படிக் கொண்டுவருவது என்று போனில் தேடினேன். ஒரு தாடிக்காரர் மணிக்கணக்காக இங்கிலீஷில் பேசினார். பேச்சு புரியவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டேன். அவர் முதலில் குழாயில் தேங்கிய தண்ணீரைத் துணியில் விட்டுத் தீர்த்தார். நான் அந்தத் தண்ணீரையும் பாலில் சேர்த்திருந்தேன். அவர் குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தார். காகிதம் கிழிகிற சத்தம் வந்தது. பிறகு ஜக்கைச் சாய்த்து, நுனியைக் கொஞ்சம் இறக்கி, பாலைச் சுழலவிட்டார். கை சூடு பொறுக்காத நேரத்தில் நிறுத்தினார்.

இதையெல்லாம் நானும் செய்தேன். எங்கள் போர் தண்ணீரின் உப்பு குழாயை அடைத்தது. கேன் தண்ணீருக்கு மாறினேன். பாலில் நீலப் பாக்கெட், ஆரஞ்சுப் பாக்கெட் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன். இரும்புத் தூளில் பித்தளைத் துண்டைக் கண்டுபிடிக்கிற எனக்கு, தாடிக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்பது வெகுநாள் தெரியவில்லை. அவர் பாலைக் காய்ச்சவே இல்லை. பாக்கெட்டை வெட்டிச் சில்லென்று அப்படியே ஊற்றினார். ஏற்கெனவே காய்ந்த பால் ஒரு நொடியில் சூடேறிவிடும், நுரை சேர நேரம் இருக்காது. சில்லென்ற பால்தான் நேரம் கொடுக்கும். இது தெரிந்தும் காய்ச்சாத பாலை ஜக்கில் ஊற்ற எனக்கு ஒரு வாரம் கை வரவில்லை. பாக்கெட் பால் காய்ச்சிக் குளிரவைத்து வருவதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை நம்புகிற ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

ஊற்றினேன். பட்டு வந்தது. மனைவியிடம் கப்பை நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள்.

"நொர எங்க?"

"அதான் நொர. கண்ணுக்குத் தெரியாது."

"சூடும் தெரியல. ஆறிப்போன காபி குடுக்கறதுக்கா இவ்ளோ பேஜாரு?"

ஞானம் வந்தவனை வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து டீக்கடை மாஸ்டர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருந்தது. பாலைக் கொதிக்கவிட்டே கொல்கிறீர்களே என்று அவர்களிடம் சொல்லவும் செய்தேன். ஒரு கடையில் இனி வர வேண்டாம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி வீடு பார்த்துவிட்டாள். நெடுஞ்சாலைக்கு உட்புறம் ஒரு வரிசை வீடு. ஓர் அறை, சமையல் மேடை, பின்னால் தனிக் கக்கூஸ். வீட்டுக்காரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நல்ல நேரத்தில், அவர் கண்முன்னால், பால் காய்ச்ச வேண்டும். பொங்கினால் சாவி. முன்னால் குடியிருந்தவர்கள் பால் பொங்காமல் நுழைந்து ஒரே மாதத்தில் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்களாம். வாடகைக்கு ஆள் வராமல் வீடு பூட்டிக்கிடந்தது அவருக்கும் கவலைதான்.

மனைவி இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் நேராக அங்கே வருவாள். அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், பால் எல்லாம் நான் கொண்டுவர வேண்டும். கடன் வாங்கிய மொபெட்டில் சிலிண்டரும் மிஷினும் சேர்ந்து ஏறவில்லை. ஏதாவது ஒன்றுதான் ஏறும். பாலைச் சூடாக்கத்தானே போகிறோம் என்று யோசித்தேன். மிஷினை ஏற்றினேன்.

கழுத்தில் கம்பெனி அட்டையோடு மனைவி உள்ளே வந்தாள். சமையல் மேடையைப் பார்த்தாள்.

"அடுப்பு எங்க?"

"இது போதும்."

அவள் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். வீட்டுக்காரம்மா தலையில் பூவும் கையில் சாவியுமாக மிஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுலயா தம்பி பாலு காச்சப் போற?"

"ஆமாம்மா. பாருங்க."

கிழக்கே பார்த்து நின்றேன். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக நுரைத்த பால் அதுதான். காகிதம் கிழிகிற சத்தம், அப்புறம் சுழல், அப்புறம் மௌனம். வெள்ளைப் பெயின்ட் மாதிரி பளபளவென்று, ஒரு குமிழிகூட இல்லாமல், ஜக்கின் முக்கால் உயரத்தில் அமைதியாக நின்றது. நான் ஜக்கை மேடையில் தட்டிக் காட்டினேன்.

"பொங்கலியே," என்றார் வீட்டுக்காரம்மா.

"அம்மா, இதுல பொங்குனா தப்பு. பொங்காம நிறுத்தறதுதான் தெறம."

"தெறம கீறவன் இன்னாத்துக்குப்பா வாடக ஊட்டுக்கு வர்ற?" ஜக்கில் விரலை விட்டுப் பார்த்தார். "கொதிக்கவே இல்லியே. பச்சப் பாலா ஊத்தன?"

"பாக்கெட் பாலும்மா."

"பச்சப் பாலுதானே? பச்சப் பாலு எங்க ஊத்துவாங்கன்னு தெரியுமா? சுடுகாட்ல ஊத்துவாங்க."

சாவி இடுப்புக்குப் போய்விட்டது. நல்ல நேரம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. என் மனைவி என் கையிலிருந்து ஜக்கைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனாள். அங்கே பழவேற்காட்டுப் பக்கத்துக்காரப் பெண் ஒருத்தி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சட்டிய எறக்கு. ஒரு பாத்திரம் குடு. பாலு பொங்கணும்."

அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் குழம்பை இறக்கினாள். தீயைப் பெரிதாக்கி இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பட்டாக்கிய பால் அடங்கி, ஆடை கட்டி, நடுங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து பர்னரை அணைத்தது.

"பொங்கிச்சிமா!" என்று மனைவி கத்தினாள்.

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா அசையவில்லை. "பொங்குனது அவ ஊட்ல. அதிர்ஷ்டமும் அவளுக்குத்தான் போவும்."

"எனுக்கு இன்னாத்துக்கு?" என்றாள் மீன் குழம்புக்காரி. "ஏற்கெனவே இருக்கற அதிர்ஷ்டத்தயே தாங்க முடில. இந்தா, நீ அடுப்ப புடி. யோவ், சொம்மா நிக்காத, சிலிண்டர உருட்டு."

சிலிண்டரை உருட்டினேன். அடுப்பைச் சமையல் மேடையில் வைக்க இடமில்லாமல் மனைவி மிஷினைத் தூக்கி வெளியே வாசற்படியில் வைத்தாள். வைத்த சத்தத்தில் வாஷர் ஒன்று கழன்று உருண்டது. அதைப் பொறுக்கக் குனிந்தவனை அவள் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டேன். மீந்திருந்த பாக்கெட்டையும் வெட்டி ஊற்றினோம். நான் போனைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிந்திருந்தது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

"உன் போனு வேகமா ஓடுது," என்றார் வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்காமலே. "என் ஊட்டுக் கடியாரத்துல இன்னும் நேரம் கீது."

மீன் வாசனை அடிக்கிற அடுப்பில் பால் இரண்டாம் முறை எழும்பி, மேடையெல்லாம் வழிந்து, தரையில் கிழக்குப் பக்கமாகவே ஓடியது. வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாவியை என் மனைவியின் கையில் கொடுத்தார். "அந்த மிஷினு மட்டும் உள்ள வரக்கூடாது," என்றார்.

"வராதும்மா," என்றாள் மனைவி. என்னைக் கேட்கவில்லை.

மீன் குழம்புக்காரி டம்ளர் கொண்டுவந்து பாலில் சர்க்கரை போட்டாள். நாக்கு வெந்துபோகிற சூடு. மனைவி தன் டம்ளரை வாங்கவில்லை. பின்னால் போய், கக்கூஸுக்குள் நுழைந்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூடுகிற சத்தம். பிறகு எதுவும் இல்லை.

நாங்கள் மூன்று பேரும் பால் டம்ளரோடு நின்றோம். வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார்.

"இன்னாமா பண்ற? பாலு ஆறுது."

"ஆறட்டும்மா," என்று உள்ளிருந்து பதில் வந்தது.