இல்லாத வயரைத் தேடிய ஒரு மணி நேரம்

போன வாரம் ஏரல் அண்ணாச்சி ஒருவர் பழைய கேரவன் ஒன்றை ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்தார். நான் படகு வயரிங் பார்ப்பவள். அவருடையதோ கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வண்டி. பேட்டரியில் ஒரு விளக்குகூட எரியவில்லையாம்.

"மொத்த வயரையும் உருவிப் போடணும்னு மெக்கானிக்குமாரு சொல்லுதானுவ. நீ படகுல வேலை பாக்குத புள்ள, ஒனக்கு இது புரியுமாம்மா?"

புரியாது என்று சொல்லவா புன்னைக்காயலில் பிறந்தேன்?

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு வயர்தான் வந்தது. படகில் கரண்ட் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று இரண்டு இழுப்போம். இரும்பில் கரண்ட் கசிந்தால் உப்புத் தண்ணீர் அதை அரித்துத் தின்றுவிடும்.

யாரோ இரண்டாவது வயரை உருவிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பலகைகளைக் கழற்றி ஒரு மணி நேரம் தேடினேன்.

பிறகுதான் உறைத்தது. தரையில் ஓடும் வண்டிக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டமேதான் இரண்டாவது வயர்!

குனிந்து பார்த்தேன். பேட்டரியைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன.

"ஏளா, எரியுதுல்லா!" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"ஒரு போல்ட்டுதான் அண்ணாச்சி" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

நான் எதைத் தேடினேன் என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு மணி நேரம் ஆராய்ச்சி செய்ததாக ஏரல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.