சீல் உடைக்காத கேசட்

"வந்துடுச்சுடி! கையில கீது. சீலு கூட ஒடைக்கல!" என்று பெங்களூரிலிருந்து அண்ணன் போனில் கத்தினான். திருப்பதி ஹாஸ்டல் வார்டன் என்னை முறைத்தார். முறைக்கட்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் காத்திருந்த ஆல்பம் அது.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். புத்தூரில் எங்கள் வீடும் அவன் வீடும் ஒரே சுவர். குவைத்திலிருந்து லீவில் வந்த எதிர்வீட்டுக்காரர் கொண்டுவந்த டேப் ரெக்கார்டருக்குள் யாரோ மறந்துபோன ராக் கேசட் ஒன்று மாட்டியிருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை, எங்களிடம் தள்ளிவிட்டார். பாதி வார்த்தை புரியாது. டிரம்ஸ் விழுந்தால் மட்டும் முதுகு தானாக நிமிரும். அன்றிலிருந்து எங்களுக்கு அந்தக் குழுதான். ஆனால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்த நேரமாகப் பார்த்து அவர்கள் ஓய்ந்துபோயிருந்தார்கள். புது ஆல்பம் வருகிறது என்பார்கள், வராது. பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லை, டிரம்மர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், கம்பெனியோடு தகராறு என்று இங்கிலீஷ் பத்திரிகையில் தடவைக்கு ஒரு கதை. அதற்குள் நான் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டேன். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், அமெரிக்க விசாவும் வாங்கிவிட்டான்.

எங்களுக்குள் ஒரே சட்டம். புதிதாக எது வந்தாலும் தனியாகக் கேட்கக் கூடாது. ஒரு வாக்மேன், ஆளுக்கு ஒரு காது.

இப்போது கேசட் வந்துவிட்டது, அவன் கிளம்புகிறான். காலையில் திருமலையில் மொட்டை, தரிசனம். சாயங்காலம் ரேணிகுண்டாவில் சென்னை ரயில். ராத்திரி விமானம். "ரயிலுக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்துடுறேன். ரெண்டு பக்கமும் கேட்டுடலாம்" என்றான்.

நான் லேபுக்கு மட்டம் போட்டுவிட்டு, வாக்மேனில் புது பேட்டரி மாற்றி, மதியமே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வரவில்லை. ஒரு மணி நேரம் என்றது அரை மணி ஆனது. இரண்டாம் பக்கம் போச்சு. சரி, முதல் பக்கமாவது. அதுவும் போச்சு. சரி, மூன்று பாட்டு. மலையிலிருந்து வரும் கூட்டமெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது. ரேணிகுண்டாவில் மொட்டை போட்ட ஆளைத் தேடுகிற கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது. எல்லாத் தலையிலும் சந்தனம். ஒரு மொட்டையின் சட்டையைப் பிடித்து "டேய்!" என்றேன். திரும்பினவர் மீசைக்காரர், கூடவே பெண்டாட்டி. ரயில் வருகிறது என்று மூன்று மொழியில் அறிவித்துவிட்டார்கள்.

அப்போதுதான் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் அவன்.

"டேய் அண்ணா, எடு கேசட்ட! ஒரு பாட்டாவது கேக்கலாம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கையில் வாட்ச் இல்லை, கழுத்தில் செயின் இல்லை.

"உண்டியல்ல போட்டுட்டேன்."

எனக்குப் புரியவே இல்லை. பெரியம்மா முந்திக்கொண்டாள். "விசா வந்தா நிலுவு தோபிடி தர்றேன்னு வேண்டிக்கினேன்மா. உண்டிகிட்ட நிக்கும்போது ஒடம்புல இன்னா கீதோ அத்தினியும் சாமிக்கு. செயினு, மோதிரம், வாட்சு, அல்லாம்."

"கேசட்டுமா பெரிம்மா? சாமி அத்த எதுல போட்டுக் கேக்கும்?"

"வாய மூடு! அவன் ஜோபில கீறதே எனுக்குத் தெரியாது. பையில வச்சா தொலஞ்சிடும்னு கூடவே எடுத்துகினு வந்துகிறான். அவனாத்தான் எடுத்துப் போட்டான்."

அவளே கவனிக்கவில்லையாம்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பொய் சொல்றியா? பெங்களூர்லயே கேட்டுட்டு, பழசாயிடுச்சின்னு தொலச்சிட்டியா?"

"சத்தியமா கேக்கலடி." அவன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "அங்க எறங்கனதும் ஒரு ஆபீசர் ஒக்காந்துகினு இருப்பாராம். அவுருக்கு டவுட்டு வந்தா விசா இருந்தாலும் அப்டியே திருப்பி அனுப்பிடுவாராம். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அப்டித்தான் வந்து நிக்கிறான். நைனா ஊரு பூரா சொல்லி வச்சிகீறாரு. சாமிகிட்ட ஒண்ணே ஒண்ண மறைச்சி வச்சிகினு, அதனாலயே திருப்பிட்டான்னா?"

பெங்களூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவன். சிரித்திருக்கலாம். எனக்கும் உள்ளே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"அத்தினியும்னா பேன்ட்ட மட்டும் ஏன்டா உட்டுட்ட?" என்றேன்.

பாதிச் சிரிப்பு வந்தது அவனுக்கு. ரயிலும் வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றி, பெரியம்மா அழுது முடிப்பதற்குள் வண்டி அசைந்தது. அவன் வாசலில் நின்று கத்தினான்: "இங்க கடைக்கு வந்தா வாங்கிக் கேட்டுடு! எனுக்காக நிக்காத!"

"சட்டம் இன்னாடா ஆச்சு?"

"எப்ப வருவேன்னு எனுக்கே தெரியாதுடி!"

இரண்டு நாள் கழித்து, உள்ளே விட்டுவிட்டார்கள் என்று போன் வந்தது. பெரியம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். அவனாகப் போட்ட கேசட் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள், திருப்பதி கேசட் கடையில் பக்திப் பாடல்களுக்கு நடுவே அந்த ஆல்பம் வந்து உட்கார்ந்திருந்தது. வாங்கினேன்.

ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து சீலை உடைத்தேன். முதல் இரண்டு பாட்டும் சுமார். மூன்றாவதில் எல்லாம் நின்று, டிரம்ஸ் மட்டும் தனியாக விழுந்தது. நான் பக்கத்தில் இருந்த தோளில் ஓங்கி ஒரு அடி வைத்து "டேய்!" என்றேன்.

அடி வாங்கினவள் ரூம்மேட். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தவள், பேனா கோணலாக ஓடியதில் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஒரு இயர்போனை அவள் காதில் சொருகினேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"என்னடி இது, சும்மா கத்துறான்?" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கழற்றி என் மடியில் போட்டாள்.