சாயம் ஏற்றிய பூச்சிக்காளை

2024 ஜூலை 13, சனிக்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். முந்தின நாள் பக்கத்தை எழுதி முடித்து அடியில் கோடு போட்டேன். நல்ல தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது, அதையும் குறித்தேன். ஐந்தே முக்காலுக்குப் பால் காய்ச்சி, ஆறரைக்குள் துணி துவைத்துக் காயப்போட்டு, மதியத்துக்கு எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் தரம் பார்க்கும் பனியன் கம்பெனிக்கு அன்று விடுப்பு. பையில் வைத்தவை: அளக்கும் டேப், மதிப்பெண் படிவம் மூன்று பிரதி, நிறம் பார்க்கும் கார்டு, சங்கத்தின் முத்திரை, மை அட்டை, தண்ணீர் பாட்டில், துடைத்துக்கொள்ள வெள்ளைப் பனியன் துணி ஒன்று. ஏழு மணிக்கு வாடகைக் கார் வந்தது.

எங்கள் சங்கத்தின் பெயரில் 'அகில இந்திய' என்று இருக்கிறது. அலுவலகம் ஒரு ஜிப் கடையின் மாடியில், எட்டுக்குப் பத்து அறை. உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதில் மூன்று பேர் வெளி மாநிலத்துக்காரர்கள் என்பதால் அகில இந்தியா. இந்தப் பக்கத்து நாட்டு மாட்டினம் ஒன்றின் வம்சாவளிப் பதிவேட்டை வைத்திருப்பதுதான் சங்கத்தின் ஒரே உருப்படியான வேலை. ஒன்பது வருடமாக நான் செயலாளர். எனக்கும் நான்கு பசுக்கள் உண்டு, அண்ணன் தோட்டத்தில்.

வருடத்துக்கு ஒருமுறை, வட்டாரத்துக்கு ஒரு பூச்சிக்காளையைத் தேர்ந்தெடுப்போம். பசுக்களோடு சேர்க்க விடும் காளையை இங்கே அப்படித்தான் சொல்வது. அந்த வட்டாரத்தில் அந்த வருடம் அந்தக் காளைக்குப் பிறக்கும் கன்றுகளுக்கு மட்டுமே பதிவேட்டில் எண். மற்றக் காளைக்குப் பிறந்தால், கன்று எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் எண் கிடையாது. பசுவை ஓட்டி வருகிறவர் காளைக்காரருக்குக் காசு கொடுக்க மாட்டார். ஒரு கட்டு சோளத்தட்டு இறக்கிவிட்டுப் போவார். அதனால் தேர்வான காளைக்கு வருடம் முழுவதும் தீனி வந்துகொண்டே இருக்கும். தேர்வாகாத காளையை அதன் சொந்தக்காரர்தான் தின்னவைக்க வேண்டும்.

அந்த முறை இரண்டே காளைகள். ஒன்று, தாராபுரத்துக்கு வடக்கே கொறங்காடு ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து மாடு மேய்ப்பவருடையது. கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். மூன்று வருடமாக அவர் காளைதான் தேர்வாகிவந்தது. மழை தவறி, காட்டில் புல் கருகிக் கிடந்தது. இந்த முறை தேர்வாகாவிட்டால் திங்கட்கிழமைச் சந்தைக்கு ஏற்றிவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார். அந்த வயதுக் காளையைச் சந்தையில் யார் எதற்கு வாங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று எங்கள் சங்கத் தலைவருடையது. அவர் விவசாயக் குடும்பம். இப்போது சாயப்பட்டறையும் பனியன் ஏற்றுமதியும். அவர் காளைக்குத் தீனிக் கவலை இல்லை. அதற்கு மின்விசிறியே இருக்கிறது. அவருக்கு வேண்டியது வீட்டு முகப்பில் மாட்ட ஒரு சான்றிதழ்.

மதிப்பெண் படிவத்தை எழுதியவள் நான். அதற்கு முன்னால் மூன்று பேர் காளையைச் சுற்றிவந்து, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி, யாரைப் பிடிக்குமோ அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது எனக்கு அருவருப்பாக இருந்தது. எனவே உயரம், மார்புச் சுற்று, கொம்பு, திமில், நடை எல்லாவற்றுக்கும் எண் வைத்தேன். நிறத்துக்கு இருபது. எங்கள் இனத்துக் காளைக்குத் திமிலும் கழுத்தும் பின்தொடையும் கருத்திருக்க வேண்டும். கம்பெனியில் துணியின் நிறத்தை ஷேட் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தே பழகியவள் என்பதால் காளைக்கும் ஒரு ஷேட் கார்டு செய்தேன். வெளுப்பிலிருந்து கருப்புவரை நான்கு படங்கள். நான்காவது படத்தோடு பொருந்தினால் முழு மதிப்பெண். அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தேர்வுக் குழுவில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர். இன்னொருவர் சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். ஆசைக்கு மாடு வளர்க்கிறார். எட்டே முக்காலுக்குக் கொறங்காட்டை அடைந்தோம். மாட்டுக்காரர் காளையை வேலியோரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னுங்க, எளச்சுப்போச்சாட்ட இருக்குது?" என்றார் விசைத்தறிக்காரர்.

"நானுந்தானுங்க எளச்சிருக்கேன். எனக்கு யாரு மார்க் போடறாங்க?" என்றார் மாட்டுக்காரர்.

டாக்டர் காளையை நூறடி நடக்கவிட்டுப் பார்த்தார். "நடையப் பாருங்க அம்மிணி. முன்னங்கால் வெச்ச எடத்துலயே பின்னங்கால் வெக்குது. இந்த மாதிரி இன்னிக்கு எங்கீங்க இருக்குது?" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நடைக்கு மூவருமே முழு மதிப்பெண் போட்டோம். நிறம்தான் குறைந்தது. தீனி போதாமல் கழுத்துக் கருமை வெளிறி, இரண்டாவது படத்துக்கு வந்திருந்தது. இருபதுக்குப் பத்து போட்டேன். படிவம் அப்படித்தான் சொல்கிறது.

"பத்துங்களா?" என்று மாட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு மழை பேஞ்சு புல்லு வந்தா கருத்துக்குமுங்க."

இன்றைக்கு இருப்பதற்குத்தான் போட முடியும் என்று சொன்னேன். சரியாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னேன்.

பதினொன்றரைக்குத் தலைவரின் தோட்டம். வாசலில் எங்கள் மூவருக்கும் ரோஜா மாலை. "வாங்க அம்மிணி, வாங்க டாக்டர். மோர் குடிச்சுட்டுப் பாக்கலாமுங்க" என்றார் தலைவர். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

காளை பெரிய காளைதான். அதில் குறை சொல்ல மாட்டேன். கார்டை எடுத்துப் பிடித்தேன். நான்காவது படம் அப்படியே. அதுதான் என்னை நிறுத்தியது. எந்தக் காளையும் படத்தோடு அப்படியே பொருந்தாது. திமிலின் உச்சி ஒரு கருப்பு, கழுத்து மடிப்பு ஒரு கருப்பு, மயிரின் அடி சாம்பல் என்று ஏற்ற இறக்கம் இருக்கும். இது மெஷினில் ஓட்டிய துணிபோல ஒரே சீராக இருந்தது. கிட்டே போனதும் வாசனை வந்தது. சாணி வாசனைக்கு மேலே, சாயம் பிடிக்கப் போடும் சோடா உப்பின் சூடான வாசனை. இருபத்திரண்டு வருடமாக அந்த வாசனையில் நிற்கிறேன், எனக்குத் தவறாது.

முன்னங்காலுக்கும் மார்புக்கும் இடையில் தோல் உரிந்து சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அதில் ஈ மொய்த்தது. திமிலின் பின்பக்கம் கொப்புளங்கள். கை வைக்கப் போனேன். தொடும் முன்பே காளை உடம்பைச் சிலுப்பி ஒதுங்கியது. பையிலிருந்த பனியன் துணியை நனைத்து, கழுத்தில் புண் இல்லாத இடமாகப் பார்த்து, கம்பெனியில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கத் தேய்ப்பதுபோலப் பத்து தரம் தேய்த்தேன். துணி நீலம் கலந்த கருப்பாக மாறியது.

பக்கத்தில் துண்டோடு ஓர் ஆள் நின்றிருந்தார். தலைவரின் பட்டறையில் டையிங் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் தேய்ப்பதைப் பார்த்ததும், தன் தொழில் தெரிந்த ஒருத்தி வந்துவிட்டாள் என்று அவருக்கு மகிழ்ச்சி.

"மேடம், காஞ்ச துணியில தேச்சுப் பாருங்க. சாயம் ஒட்டாததுக்கு அஞ்சுக்கு நாலு மார்க் நிக்கும். ஈரத்துலதான் ரெண்டு, ரெண்டரை."

"எப்பப் போட்டீங்க?"

"வியாழக்கெழம மேடம். பருத்தின்னா நல்லா புடிச்சிருக்கும். இது மாட்டு முடில்லா, புடிக்கவே மாட்டேங்கு. அதான் சோடாவக் கொஞ்சம் கூட்டிட்டேன். தண்ணியும் சூடாத்தான் ஊத்துனோம். உங்க நாலாம் நம்பர் படத்த லேப்ல குடுத்துத்தான் ஷேட் எடுத்தது, பாத்துக்கிடுங்க."

"மாடு சும்மாவா நின்னுச்சு?"

"நாலு பேரு புடிச்சாங்க. ஒரு பீகார்க்காரனக் கால்ல மிதிச்சிட்டு."

தலைவர் மோர்த் தம்ளரோடு வந்து நின்று சிரித்தார். "என்ன மாஸ்டர், ரெசிபி பூராத்தையும் சொல்லிப்போடுவீங்களாட்ட இருக்குது?" பிறகு என்னிடம், "பொண்ணு பாக்க வந்தா பவுடர் போடறதில்லீங்களா அம்மிணி? ஒரு மழை பேஞ்சா போயிருமுங்க" என்றார்.

"போயிர்ற நெறத்துக்கு நான் எப்படீங்க மார்க் போடறது? தோலு வெந்து கெடக்குதுங்க, அதப் பாருங்க."

"வெயில் கொப்புளமுங்க அது" என்றார் டாக்டர். கொட்டகைக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்று சொன்னார். நாற்பது வருடம் மாடு பார்த்த மனிதர். உள்ளே வரவே இல்லை.

முடிவுக்கு முன்னால் சாப்பாடு. வாழையிலையில் ஆட்டுக்கறி பிரியாணி. நான் உட்காரவில்லை. "கோவத்தச் சோத்து மேல காட்டாதீங்க அம்மிணி" என்றார் விசைத்தறிக்காரர், வாயில் சோற்றோடு. டாக்டர் ஓர் எலும்பை எடுத்து, தட்டி, உறிஞ்சி, மறுபடி தட்டினார். காளையின் சாயம் இன்னும் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டேன். அந்த எலும்பைத் தட்டும் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஒன்றே முக்காலுக்குப் படிவங்களை எடுத்தோம். நிறத்துக்கு நான் சுழியம் போட்டேன். மற்ற இருவரும் இருபது. சாயம் போட்ட காளையைத் தள்ள வேண்டும் என்றேன். விசைத்தறிக்காரர் என் படிவத்தையே எடுத்து வாசித்தார்: "'நிறம்: நான்காம் படத்துடன் ஒப்பிடுக.' அவ்வளவுதானுங்க போட்டிருக்குது. பொறந்த நெறமா இருக்கோணும்னு எங்கயாச்சும் இருக்குதுங்களா? நீங்க எழுதுனதுதானுங்க."

வாங்கிப் பார்த்தேன். இல்லை. 'இயற்கையான' என்ற சொல்லை நான் போடவில்லை. துணிக்கு அப்படி ஒரு சொல் தேவைப்படுவதில்லை. துணிக்கு எல்லாமே போட்ட சாயம்தான். சாயப்பட்டறைக்காரர் கையில் ஷேட் கார்டைக் கொடுத்தால் அவர் ஷேட்டைப் பொருத்தாமல் வேறென்ன செய்வார்? அவர்கள்மேல் எனக்கிருந்த அருவருப்பில் ஒரு பங்கு அந்த நிமிடம் என்மேல் திரும்பியது. இன்னும் போகவில்லை.

இரண்டுக்கு ஒன்று. தலைவரின் காளை தேர்வு.

"முத்திரை எங்கிட்டதான் இருக்குதுங்க. நான் வெக்க மாட்டேன்" என்றேன்.

தலைவர் கோபப்படவே இல்லை. பல் குத்திக்கொண்டே சொன்னார்: "வேண்டாமுங்க அம்மிணி, நீங்க எதுக்குச் சங்கடப்பட்டுக்கிட்டு? துணைச் செயலாளர் திங்கக்கெழமை புதுசு ஒண்ணு பண்ணிக்குவாரு. முத்திரை பண்ண அரைமணி நேரமாகுமுங்களா?"

ஒன்பது வருடம் பூட்டி வைத்துப் பாதுகாத்த பொருளின் மதிப்பு அரைமணி நேரம். எனக்குப் போட்ட மாலையை அவர் தோட்டத்து வாசல் காவல்காரர் அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நாலே காலுக்கு, வழியில், மாட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, முடிவாயிருச்சுங்களா? வண்டிக்காரன் கேக்கறானுங்க, திங்கக்கெழமை ஏத்தறதான்னு."

நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"சாயமுங்களா?" என்றார். பிறகு சிரித்தார். "எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுப்புக்கரி பூசி நிறுத்தியிருப்பேனுங்களே."

எனக்குச் சிரிக்க வரவில்லை. "அப்பச் சரீங்க, வரச் சொல்லிப்போடறேன்" என்றார். பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் காளை மாலையோடு நின்றது. புண் தெரியாதபடி மாலையை இறக்கிப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பல். அந்தப் படத்துக்கு அடியில் என் பனியன் துணியின் படத்தைப் போட்டு, எங்கே தேய்த்தது, எத்தனை தரம் தேய்த்தது என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் "காலத்துக்கேத்த மாதிரி மாறோணுமுங்க அம்மிணி" என்று பதில் போட்டார். அதற்கும் கைகூப்பல்.

14, ஞாயிறு. முதல் வேலையாக, ஐந்தரைக்கு அண்ணன் தோட்டத்துத் தட்டுப் போரிலிருந்து சோளத்தட்டு எட்டுக் கட்டு டெம்போவில் ஏற்றிக் கொறங்காட்டுக்குக் கொண்டுபோனேன். மாட்டுக்காரர் வண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாடும் வர்லீங்களே, இது எதுக்குங்க?"

"என்னோட மாடு நாலும் இங்கதானுங்க வரும். தட்ட முன்னாலயே எறக்கிக்கங்க."

"நெம்பர் கெடைக்காதுங்களே அம்மிணி. உங்க புஸ்தகத்துலயே உங்க கன்னு ஏறாதுங்க."

"ஏறாதுங்க."

"எட்டுக் கட்டு எத்தன நாளைக்குங்க?"

"மேய்ச்சலோட சேத்தா பதினஞ்சு நாளைக்கு. அதுக்குள்ள மத்தவங்களக் கேக்கறேன். வருவாங்கன்னு சொல்ல முடியாதுங்க."

அவர் அலைபேசியை எடுத்து, நாளைக்கு வரவேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரரிடம் சொன்னார். பிறகு இருவருமாகக் கட்டுகளை இறக்கினோம்.