துக்கம் கேட்ட மெசேஜுகள்

அருப்புக்கோட்டையில செல்போன் ரிப்பேர்க் கடை போடுறவன், டிஸ்ப்ளே மாத்தத் தெரிஞ்சா போதும்னு நினைச்சா, அவன் இன்னும் கடையைத் திறக்கலைன்னு அர்த்தம். துக்க வீட்டுலேருந்து போனைத் தூக்கிட்டு வந்து, "யாரு என்ன சொல்லியிருக்காகன்னு எடுத்துக் குடுங்க"ன்னு நிப்பாக. என்னைய மாதிரி மாட்டிக்கிட்டு முழிக்கிறவுகளுக்கு இது தெரியும்.

ஒரு நாள் ஸ்டேட்டஸ்

பந்தல்குடியில சிமெண்ட் கடை வச்சிருக்க அண்ணாச்சி, அப்பா தவறி மூணாம் நாள் போனோட வந்தாரு. சொந்தக்காரவுக எல்லாம் அப்பா போட்டோவை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாகளாம். காரியத்துக்கு அலைஞ்சதுல இவரு பாக்கலை, இப்ப அதை எடுத்துக் குடுங்கன்னாரு. ஸ்டேட்டஸ் ஒரு நாளுதான் நிக்கும், அப்புறம் தானா போயிரும்னு பக்குவமாச் சொன்னேன். மனுசன் என்னைய ஏற இறங்கப் பாத்தாரு.

"எங்களுக்குப் பதினாறு நாளு தீட்டு, அவுகளுக்கு ஒரே நாளுதானாக்கும்?"

பார்வேர்டு

காரியாபட்டியில ஒரு டீச்சர். அவுக அம்மா இறந்ததுக்கு வந்த மெசேஜையெல்லாம் பிரிண்ட் எடுக்கணும்னு வந்தாக. பாத்தா எல்லாம் ஒரே பூ, ஒரே விளக்கு, ஒரே வாசகம். பூராம் பார்வேர்டு. சொந்தமா டைப் அடிச்சது ஒண்ணே ஒண்ணு, கேஸ் சிலிண்டர் கொண்டாந்து போடுறவரு அனுப்புனது. 'அம்மா இல்லைனு கேள்விப்பட்டேன். போன தடவைகூட மோர் குடுத்தாங்க.' டீச்சர் அதை ரெண்டு தடவை படிச்சாக.

"மத்ததை விட்டுருங்க தம்பி, இதை மட்டும் பிரிண்ட் போடுங்க."

நாலு மாசம் பத்து நாளு

இதுல தப்பு என்னோடது. வீரசோழன்காரர் ஒருத்தர் வந்தாரு. சவுதியில வேலை பாத்த அவரு தங்கச்சி புருசன் நெஞ்சுவலியில தவறி, அங்கேயே அடக்கம் ஆயிட்டாரு. போன் மட்டும் ஊருக்கு வந்துச்சு; லாக்கு நம்பர் தெரியாம, தப்பாப் போட்டா அழிஞ்சிருமோன்னு வீட்டுல யாரும் தொடலை. அடக்கம் பண்ணுன அன்னைக்கு ரூம் ஆளுக எல்லாம் அவுக வாட்ஸ்அப் குரூப்புல அவரைப் பத்தி வாய்ஸ்ல பேசி அனுப்பியிருந்தாகளாம். கடைசியா முகத்தைக்கூடப் பாக்காத தங்கச்சிக்கு அதையாவது கேக்கணும்னு ஆசை. ஆனா புருசன் தவறுனா நாலு மாசம் பத்து நாளு வெளிய வராம இத்தா இருக்கது அவுக வழக்கம். "போன்ல இருக்கது எங்க போகப்போகுது? இத்தா முடிஞ்சே கூட்டிட்டு வாங்க"ன்னு பெரிய மனுசன் மாதிரி சொல்லி அனுப்புனேன்.

இத்தா முடிஞ்சு அண்ணனும் தங்கச்சியுமா வந்தாக. மக பிறந்த வருசமாத்தான் இருக்கும்னு அந்தப் பொண்ணே லாக்கைப் போட்டுத் திறந்துச்சு. குரூப்பு இருந்துச்சு, உள்ள ஒண்ணுமில்லை. தொண்ணூறு நாள்ல தானா அழியுற மாதிரி எவனோ வச்சிருக்கான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

பதட்டத்துல இன்னொரு கூத்து பண்ணுனேன். அந்தப் போன்லேருந்தே, 'அன்னைக்குப் பேசுனதை மறுபடி அனுப்புங்க'ன்னு குரூப்புல தட்டி விட்டுட்டேன். இறந்தவரு பேருல மெசேஜ் போனா என்ன ஆகும்? அடுத்த நிமிசம் போன் அலறுது. "ஏலே, யாருலே அவன் போன்லேருந்து விளையாடுறது?"ன்னு ரூம் ஆளு ஒருத்தர் அழுதுக்கிட்டே வையுறாரு. அண்ணன்காரர் வாங்கி விவரம் சொன்னாரு. அப்புறம், "தங்கச்சி பக்கத்துல இருக்கா? ஸ்பீக்கர்ல போடுங்க"ன்னாரு.

"தங்கச்சி, ஆளுக்கு மூணு கை மண்ணு போட்டோம். ரூம் ஆளுக எல்லாரும், மூணுல ஒரு கையை உங்க பேரைச் சொல்லித்தான் போட்டோம். அன்னைக்கும் இதைத்தான் பேசி அனுப்புனேன்."

கடையில டீ குடிச்சுக்கிட்டு நின்னவுக எல்லாம் கிளாஸைக் கீழ வச்சுட்டாக. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அதை மறைக்கவும் இல்லை. அந்தப் பொண்ணு அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு:

"அப்ப நானும் போட்டிருக்கேண்ணே."

மாத்துன டிஸ்ப்ளேக்கு மூணு மாசம் வாரண்டி குடுக்குற என்னால, 'எங்க போகப்போகுது'ன்னு வாயால சொன்ன ஒரு வார்த்தைக்குக் குடுக்க முடியலை பாத்துக்கோங்க.